பாலைத்துறையைப் பிறப்பிடமாகக் கொண்டவள்

ஆரூரா,

கோபம் ஆறட்டும் என்று பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. ஆகவே கோபத்தோடேயே எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்லலாம்தான். ஆனால் நீ "ஸ்லாப் ஆவ், அம்மா", பதறாதே என்று நோர்வேஜியத்தில் சொல்வாய், நான் அழுதுவிடுவேன், கதை அதோடு முடிந்துவிடும். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. சனிக்கிழமைகளில் அழுதழுது தமிழ்ப் பள்ளிக்கூடம் போனாயே, அந்தப் படிப்பு இன்றைக்காவது உதவட்டும். விளங்காத சொல் வந்தால் என்னிடம் கேள். உன் அப்பாவிடம் கேட்காதே. விளங்காத மாதிரி இருந்தே அவர் முப்பது வருடத்தை ஓட்டிவிட்டார்.

நீ கலியாணம் கட்டப்போகிற இங்வில் எனக்கு ஒரு காணொளி அனுப்பியிருந்தாள். பேர்கன் துறைமுகத்தில் ஒரு மதுக்கடை, நீள மேசை, அதைச் சுற்றி இருபது பேர், நடுவில் நீ. அந்தக் காலத்துப் பாய்க்கப்பல்களில் மாலுமிகள் கயிறு இழுக்கும்போது பாடிய பாட்டுகளைப் பாடுகிறீர்கள். நீ ஒரு அடி எடுத்துக் கொடுக்கிறாய், மற்றவர்கள் மேசையில் குத்திப் பதில் பாடுகிறார்கள். மாதம் ஒருமுறை ஒஸ்லோவிலிருந்து ஏழு மணி நேரம் ரயிலில் போய் நீ செய்வது இதுதானா என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். நன்றாகத்தான் பாடுகிறாய். ஊர் ஊராகப் போய் நாட்டுப்பாட்டுப் பாடுகிற பிள்ளைக்கு அதைக்கூட நான் சொல்லவில்லை என்று இருக்க வேண்டாம்.

பாட்டு முடிந்ததும் கம்பளிச் சட்டை போட்ட ஒரு முதியவர் உன்னிடம் கேட்டார், உங்கள் ஆட்களிடமும் இப்படிக் கயிறு இழுக்கும் பாட்டு உண்டா என்று. நீ சிரித்துக்கொண்டு சொன்னாய்: "இல்லை. எங்களுக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அம்மா பக்கம், அப்பா பக்கம் இரண்டும் தோட்டக்காரர். வெங்காயமும் புகையிலையும்தான்." எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு நோர்வேஜிய மொழி நன்றாக விளங்கும், மகனே. இந்த நாட்டுக் கிழவிகளை இருபத்தைந்து வருடமாகக் குளிப்பாட்டிச் சோறூட்டுகிறவள் நான். வேலைக்குப் போகும் வழியில் ஹவுகெட்டோ ஸ்டேஷனில் நின்று அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இரண்டு ரயில் என்னை விட்டுவிட்டுப் போயின.

நீ சொன்னது பொய். உன்மேல் பிழையில்லை, உனக்கு அந்தப் பொய்யைத் தந்தவள் நான். எனக்கு அதைத் தந்தவர் உன் அப்பாவின் அக்கா, குரோருட்டில் இருக்கும் உன் பெரிய மாமி.

நான் பிறந்தது பாலைத்துறை. கடற்கரை ஊர். உன் அம்மப்பா சின்னத்தம்பி கரைவலைத் தொழிலாளி. வலையைக் கடலில் வளைத்துவிட்டு, கரையில் நின்று இருபது பேர் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். அப்போது பாட்டு எடுத்துக் கொடுப்பதுதான் அவர் வேலை. அந்தப் பாட்டுக்கு அம்பா என்று பெயர். அவர் ஒரு அடி சொல்வார், இழுப்பவர்கள் பதில் சொல்லிக்கொண்டு ஒரு பிடி இழுப்பார்கள். ஊரில் சின்னத்தம்பி என்று ஆறு பேர் இருந்தார்கள், அம்பாச் சின்னத்தம்பி என்றால்தான் என் ஐயாவைத் தெரியும். நீ பேர்கனில் போய்த் தேடுகிற சாமான் உன் சொந்த அம்மப்பாவின் தொழில். அதை உனக்குச் சொல்லாமல் வளர்த்திருக்கிறேன்.

உன் அப்பாவும் நானும் கொழும்பில் ஆங்கில வகுப்பில் சந்தித்து விரும்பிய கதை உனக்குத் தெரியும். அவர் முதலில் இங்கே வந்தார், பிறகு என்னைக் கூப்பிட்டார். மிச்சக் கதையைக் கேள். கலியாண அழைப்புக் காட் அடிக்க வேண்டும். நம் கலியாணக் காட்டில் பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கே பிறந்தவர்கள் என்று போடுவது முறை. மாமி தன் சமையலறை மேசையில் பேனையோடு இருந்தார்.

"பிறப்பிடம் சுன்னாகம் எண்டு போடுவம். நீ அங்கை ரெண்டு வருசம் தங்கிப் படிச்சனி தானே."

"மச்சாள், நான் பிறந்தது பாலைத்துறை."

"அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். ஊருலகத்துக்கு ஏன் தெரியவேணும்? இஞ்சத்தையச் சனம் ஊர்ப் பேரைப் பாத்துத்தான் ஆக்களை அளக்கிறது, பிள்ளை. தம்பியின்ரை மானத்தையும் கொஞ்சம் யோசி."

சுன்னாகம் தோட்டக்காரர் ஊர். பாலைத்துறை என்ற பெயர் போதும், கடல் தொழில் செய்கிற சாதி என்று யாருக்கும் விளங்கிவிடும். அதைத்தான் மாமி மறைக்கப் பார்த்தார். நான் உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் பேப்பரைப் பிரித்தார். எனக்கு இருபத்தெட்டு வயது, இந்த ஊரில் எனக்கென்று ஒரு நாதியும் இல்லை. சரி என்றேன். அந்த ஒரு சரிக்கு நான் இன்றுவரை பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மாமி என்னை வெறுத்தவர் இல்லை. வெறுத்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும். நீ பிறந்தபோது மூன்று மாதம் வந்து நின்று என் உடம்பைத் தேற்றியவரும் அவர்தான். அதற்காக மற்றதை விட முடியாது. சனிக்கிழமை தவறாமல் நம் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவார். குறொன்லாண்டுக் கடைகளில் நல்ல சுறா கண்டால் தானே வாங்கி வருவார். "மீன் எண்டால் உன்ரை கைதான் பிள்ளை, ஒருத்தருக்கும் இந்தப் பக்குவம் வராது" என்று இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். அந்தப் பக்குவம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாளாவது கேட்டிருப்பாரா? நீ சின்ன வயதில் பாடத் தொடங்கியதும் என்ன சொன்னார் தெரியுமா? "இது எங்கடை பக்கத்துக் குரல். எங்கடை அப்பப்பா கோயிலிலை தேவாரம் பாடினவர்." நான் பக்கத்தில் நின்று மீன் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

நீ ஐந்தாம் வகுப்பில் படித்தபோது குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னார்கள். "அம்மப்பாவுக்கு என்ன வேலை?" என்று கேட்டாய். மாமி அன்று வீட்டில் இல்லை. யாரும் என்னை மிரட்டவும் இல்லை. "தோட்டம்" என்றேன். நீ அவருடைய பெயருக்குக் கீழே வெங்காயம் வரைந்தாய். இதை நான் மாமியின் தலையில் கட்ட மாட்டேன், இது என் சொந்தக் கைங்கரியம்.

இப்போது சொல்லப்போவதுதான் பெரிய பிழை. நிதானமாக வாசி.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஐயா இறந்தார். உனக்குப் பதினேழு வயது, பரீட்சை என்று நீ வரவில்லை, நான் மட்டும் போய்வந்தேன். போரில் எங்கள் ஊர் சிதறிப் போயிருந்தது. அவரோடு வலை இழுத்தவர்கள் பாரிசில், டொரொன்டோவில், திருச்சியில் என்று ஆளுக்கொரு திசை. அப்படிப்பட்ட ஊருக்கு மரண அறிவித்தல்தான் சந்திக்கிற இடம். நாங்கள் அறிவித்தலில் முதலில் பார்ப்பது ஊரை, பெயரைப் பிறகு. அந்த அறிவித்தலையும் மாமிதான் எழுதினார். "சுன்னாகத்தைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட சின்னத்தம்பி" என்று எழுதினார். கலியாணக் காட்டில் ஒன்று, இதில் ஒன்று என்று போட்டால் சனம் பிடித்துவிடுமாம். நான் அழுதுகொண்டிருந்தேன், கவனிக்கவில்லை என்று சாட்டுச் சொல்ல மாட்டேன். கண்ணைத் துடைத்துவிட்டு இரண்டு தரம் வாசித்தேன். சரி என்று நானே அனுப்பினேன்.

இந்தத் தை மாதம் எனக்கு அறுபது வயது ஆனது. நீங்கள் எல்லாரும் கேக் வெட்டிப் பாட்டுப் பாடினீர்கள். நான் அப்போது வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு நான் செத்தாலும் இவர்கள் சுன்னாகம் என்றுதான் எழுதுவார்கள், என் சொந்தச் சனம் என் பெயரைக் கண்டும் காணாமல் தாண்டிப் போகும் என்று. மறுவாரமே ஐயாவின் நினைவு நாளுக்கு ஒரு நினைவஞ்சலி போட்டேன். பாலைத்துறையைப் பிறப்பிடமாகக் கொண்ட அம்பாச் சின்னத்தம்பி, மகள் ஒஸ்லோ என்று போட்டு, என் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்தேன். மாமி அதெல்லாம் பார்ப்பதில்லை, அவருக்குத் தன் ஊர்ப் பக்கம் மட்டும்தான் கண் போகும்.

இரண்டாம் நாள் பாரிசிலிருந்து ஒரு அழைப்பு வந்தது.

"பிள்ளை, நான் தங்கராசா. கொப்பரோடை இருவது வருசம் ஒரே கயித்திலை நிண்டனான். அவர் எப்ப பிள்ளை செத்தவர்?"

"பன்னிரண்டு வருசம் மாமா."

பன்னிரண்டோ, பன்னிரண்டோ என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு சொன்னார்: "பத்து வருசத்துக்கு முன்னம் என்ரை மகளின்ரை கலியாணத்துக்கு ஊருக்குக் காட் அனுப்பினனான். ஒரு மறுமொழி இல்லை. பெரிய இடத்திலை சம்பந்தம் வைச்சவுடனை எங்களை மறந்திட்டார் எண்டு நினைச்சன். பாரிஸ் முழுக்க அவரைத் தூசணத்தாலை ஏசித் திரிஞ்சனான், பிள்ளை. செத்த மனிசனை."

அந்த வயதான மனிதர் தொலைபேசியில் விக்கி விக்கி அழுதார். நான் அழவில்லை. ஒரே ஒரு ஊர்ப் பெயரை மாற்றியதால் என் ஐயா தன் கூட்டாளிகளிடம் பத்து வருடம் ஏச்சு வாங்கியிருக்கிறார். அன்றைக்கு முடிவெடுத்தேன், இதற்குப் பழி வாங்காமல் நான் கண்ணை மூட மாட்டேன் என்று. அறுபது வயதுக்காரி பேசுகிற பேச்சா என்று நீ நினைப்பாய். ஓம், அறுபது வயதுக்காரிதான் பேசுகிறாள்.

பிறகு உன் கலியாணக் கதை வந்தது. பெண் நோர்வேஜியப் பிள்ளை என்றதும் மாமி ஒரு குறையும் சொல்லவில்லை, உச்சி குளிர்ந்துவிட்டார். கோயிலில் காண்கிறவர்களிடம் எல்லாம் சொல்லித் திரிகிறார்: "பொம்பிளையின்ரை தாத்தா லோபோத்தனிலை சொந்தமாப் போட் வைச்சிருந்தவராம். பெரிய கடல்காறராம்!" போட்டில் அவர் என்ன செய்தார் என்று நினைக்கிறாய்? தொஷ்க் மீன் பிடித்தார். பனிக்குள் நின்று மீனின் தலையை அறுத்துக் கம்பியில் காயப்போட்டார். இங்வில் அதைப் பெருமையாகச் சொல்கிறாள், நல்ல பிள்ளை. வெள்ளைக்காரர் பிடித்தால் அது பெருமை, என் ஐயா பிடித்தால் அது மூடி மறைக்க வேண்டிய சங்கதி.

உன் கலியாணக் காட்டையும் மாமிதான் எழுதினார். வீட்டுக்கு மூத்தவர், எழுதட்டும் என்று விட்டேன். கீழே அழைப்பவர்கள் வரிசையில் தன் பெயரை முதலாவதாகப் போட்டுக்கொண்டார். உன்னைப் பெற்றவள் "சுன்னாகத்தைப் பிறப்பிடமாகக் கொண்ட" என்று இருந்தது. அந்தத் தாள் ஒரு மாதமாக என் அலுமாரியில் கிடந்தது. உன் காணொளியைப் பார்த்த அன்று வேலை முடிந்ததும் நேரே காட் அடிக்கிறவரிடம் போனேன். ஒரே ஒரு சொல்லை மாற்றச் சொன்னேன், சுன்னாகம் இருந்த இடத்தில் பாலைத்துறை. மற்றதெல்லாம் மாமி எழுதினபடியே இருக்கட்டும், அவரின் பெயரும் அதே இடத்தில் இருக்கட்டும் என்றேன். அடித்து வந்ததும் இருநூறு காட்டையும் நானே தபாலில் போட்டேன். மாமி வீட்டுக்கு ஒன்றைக் கொண்டுபோய் அவருடைய தபால் பெட்டிக்குள் என் கையால் போட்டேன்.

நேற்று மத்தியானம் மாமி வந்தார். வாசலில் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"இதென்ன பேய்வேலை? அடிச்சவன் பிழை விட்டிட்டானோ?"

"இல்லை மச்சாள். நான்தான் அப்பிடிப் போடச் சொன்னனான்."

"ஊர் முழுக்கப் போயிட்டுதே! கீழை என்ரை பேரெல்லே கிடக்கு!"

"ஓம். உங்கடை பேரிலைதான் எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறம்."

"உனக்கு நான் என்ன குறை வைச்சனான்? கட்டையிலை போற வயசிலை என்னைச் சந்தி சிரிக்க வைச்சிட்டியே."

"இருங்கோ மச்சாள், சாப்பிட்டிட்டுப் போங்கோ. சுறா வறை வைச்சிருக்கிறன்."

மாமி இருக்கவில்லை. கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனார். முப்பது வருடத்தில் நம் வீட்டில் அவர் சாப்பிடாமல் போனது நேற்றுத்தான். அவருடைய பங்கையும் நானே போட்டுச் சாப்பிட்டேன். இரக்கம் வந்துவிடுமோ என்று பயந்தேன், வரவில்லை. உன் அப்பா காட்டை எடுத்து நெடுநேரம் பார்த்தார். "எழுத்துப் பிழை ஒண்டும் இல்லை" என்றார். அந்த மனிதரிடமிருந்து அவ்வளவுதான் கிடைக்கும். ஆனால் இந்த முறை பேப்பரைப் பிரிக்கவில்லை.

இதிலிருந்து நீ எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு, கலியாணம் கட்டப்போகிறவன் என்பதால் சொல்கிறேன். இங்விலின் ஆட்களைப் பற்றி யாராவது ஒரு சொல் மாற்றி எழுதச் சொன்னால், சொல்கிறவர் நானாகவே இருந்தாலும், நீ அந்த மேசையில் பேசாமல் இருக்காதே. சண்டை பிடி. சத்தம் போடு. மரியாதையில்லாத பிள்ளை என்று பெயர் எடு. மரியாதையான மனிதர் ஒருவரோடு நான் இவ்வளவு காலம் வாழ்ந்துவிட்டேன், அதனால் எனக்குக் கிடைத்தது என்ன என்று உனக்கு இப்போது தெரியும்.

உனக்கு இரண்டு வேலை வைத்திருக்கிறேன். முதலாவது, அடுத்த மாதம் பேர்கனுக்குப் போகும்போது அதே மேசையில், அந்த முதியவர் இருக்கும்போது, எழுந்து நின்று திருத்திச் சொல். என் அம்மப்பா கயிறு இழுக்கப் பாட்டுச் சொன்னவர் என்று நோர்வேஜியத்தில் சொல். அதைச் சொல்லிவிட்டு எனக்கு எடு. அதற்கு முன் நீ எடுத்தால் நான் தொலைபேசியைத் தூக்க மாட்டேன். உன்மேல் பிழையில்லை என்று மேலே எழுதினேன், ஆனாலும் அந்தச் சிரிப்பு என் காதில் இருக்கிறது.

இரண்டாவது, உன் கலியாண வீட்டில். சாப்பாட்டுக்குப் பிறகு பேர்கன் கூட்டாளிகளோடு பாடப்போகிறாயாம். "குடிகாரப் பாட்டு வேண்டாம்" என்று மாமி முன்னமே தடை போட்டிருந்தார். நீ கட்டாயம் பாடு. உங்கள் பாட்டுகள் முடிந்ததும் ஒரு அம்பா எடு. தங்கராசா மாமா பாரிசிலிருந்து வருகிறார், மெட்டை அவர் தொலைபேசியில் உனக்குச் சொல்லித் தருவார். மண்டபத்தில் யார் எங்கே இருப்பது என்று நான்தான் எழுதுகிறேன். அவரை மாமிக்குப் பக்கத்துக் கதிரையில் போட்டிருக்கிறேன். மாமி வராமல் விடுவார் என்று நினைக்காதே. காட்டில் பெயர் போட்டுக் கூப்பிட்டவர், வராவிட்டால் சனம் ஏன் என்று கேட்கும். வருவார்.

அம்பாவில் ஒரு வழக்கம் உண்டு. வலையின் சொந்தக்காரரைச் சம்மாட்டி என்போம். அவர் கரையில் குடையோடு நிற்பார். வலை இழுபடும்போது பாட்டுக்காரர் அவரை முகத்துக்கு நேரே வைத்துப் பாடலாம். கஞ்சன் என்று பாடலாம், களவாணி என்று பாடலாம். மீன் கிடக்கிற மடி கரைக்கு வந்து சேரும்வரை சம்மாட்டி வாய் திறக்கவும் கூடாது, எழும்பிப் போகவும் கூடாது. போனால் மறுநாள் அவருடைய கயிற்றைத் தொட ஒருவரும் வரமாட்டார்கள். மற்ற நேரத்தில் தலை குனிந்து நிற்கிற ஐயா அந்த ஒரு மணி நேரம் எவருக்கும் பயப்பட்டதில்லை. மாமிக்கு நான் கட்டிய அடி இது, இதில் ஒரு சொல்லையும் மாற்றாதே:

கரையில நிக்கிற மாமியே — ஏலேலோ
காலில ஈரம் படாத மாமியே — ஏலேலோ
சட்டிக்கு வந்தா ருசிக்குதோ — ஏலேலோ
பிடிச்சவன் வந்தா நாறுதோ — ஏலேலோ

ஆனால் இதிலே தொடங்காதே. சம்மாட்டியை ஏசுவதற்கு முன் இழுக்கிறவர்களுக்குள்ளே பிழை விட்டவர் யார் என்று பார்ப்பார்கள். முதல் அடி அவருக்கு. அது நான். பெற்ற தகப்பனைச் செத்த பிறகும் ஒளித்து வைத்தவள் நான், அந்த அறிவித்தலை அனுப்பியது என் கை. அந்த அடியை நான் எழுதி அனுப்பவில்லை, தன்மேல் பாடுகிற அடியைத் தானே கட்டக் கூடாது. அதை நீதான் கட்ட வேண்டும். அம்மா பாவம் என்று இரக்கம் பார்த்தாயானால் நீ அம்பாச் சின்னத்தம்பியின் பேரன் இல்லை. எவ்வளவு கேவலமாகக் கட்ட முடியுமோ அவ்வளவு கேவலமாகக் கட்டி, அத்தனை சனத்துக்கும் முன்னால் என் முகத்தைப் பார்த்துப் பாடு. உன் அடிக்குப் பதில் சொல்லி இழுக்கிற முதல் ஆள் நானாக இருப்பேன்.

உன் அம்மா